அரசு மட்டுமே நடத்தும் சேவைகள், வேலைநிறுத்தம், வாசல் மறியல்: சென்னையில் தொழில் செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் பட்டறை, கிடங்கு, உணவகம், ஏற்றுமதி நிறுவனம் எதை நடத்தினாலும் மின்கம்பி ஒரே நிறுவனத்துடையது. ஆட்கள் வந்து போகும் பேருந்து ஒரே கழகத்துடையது. சென்னைத் துறைமுகம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. இங்கெல்லாம் தகராறு வந்தால் பேச்சுவார்த்தைக்கு அரசும் தொழிற்சங்கமும் உட்காருகின்றன. இழப்பு ஏறுவதோ அந்த மேசையில் நாற்காலியே இல்லாத சிறு தொழில்காரரின் கணக்கில்.

ஒன்றை முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். அரசு சேவையில் நடக்கும் வேலைநிறுத்தம் வேறு. உங்கள் சொந்தத் தொழிலாளர்கள் எழுப்பும் கோரிக்கை வேறு. சங்கத்தின் பெயரைச் சொல்லி வாசலில் பணம் கேட்பது வேறு. முதலாவதற்கு முன்னேற்பாடுதான் வழி, இரண்டாவதற்குப் பேச்சுவார்த்தை, மூன்றாவதற்குக் காவல் நிலையம். மூன்றையும் ‘யூனியன் தொல்லை’ என்று ஒரே கூடையில் போடுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

தனியார் நிறுவனத்தில் வேலைநிறுத்தம் நடந்தால் ஊர் நிற்பதில்லை. அரசு நிறுவனத்தில் நடந்தால் மட்டும் ஏன் நிற்கிறது?

மாற்று இல்லாததால். ஒரு தனியார் பார்சல் நிறுவனம் நின்றால் சரக்கு மறுநாளே வேறு நிறுவனத்துக்குப் போய்விடும். வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம் முதலாளிக்கும் உண்டு, தொழிலாளிக்கும் உண்டு. அந்தப் பயமே இருவரையும் சீக்கிரம் பேச வைக்கும். மின்பகிர்மானக் கழகத்துக்கோ மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்கோ அந்தப் பயம் கிடையாது. மேசையில் உட்காரும் அதிகாரிக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இருக்காது. கோப்பு நிதித்துறைக்குப் போய்த் திரும்ப வேண்டும். பொதுமக்கள் தவித்தால்தான் கோப்பு நகரும் என்பதைச் சங்கங்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்டிருக்கின்றன.

2018 ஜனவரியில் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்கள் 4ஆம் தேதி தொடங்கி 8 நாள் பேருந்துகளை நிறுத்தினார்கள். ஊதிய உயர்வுக் காரணியாக, அதாவது பழைய அடிப்படை ஊதியத்தைப் பெருக்கும் எண்ணாக, சங்கங்கள் கேட்டது 2.57, அரசு ஒப்புக்கொண்டது 2.44. ஓய்வுபெற்ற நீதிபதி இ.பத்மநாபனை உயர் நீதிமன்றம் மத்தியஸ்தராக நியமித்த பிறகுதான் வண்டிகள் ஓடின. 2024இலும் ஜனவரி 9ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. நீதிமன்றம் கேட்டுக்கொண்டதால் மறுநாள் தள்ளிவைக்கப்பட்டது. இரண்டு முறையும் பொங்கலுக்கு முந்தைய நாட்கள். ஊர் முழுக்கப் பேருந்தை நம்பியிருக்கும் வாரம் அது. சரக்கு அனுப்பும் தேதிகளையும் ஆள் தேவையையும் திட்டமிடும்போது ஜனவரி முதல் பாதியை ஆபத்தான காலமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. நிரப்பப்படாத பணியிடங்கள், ஓய்வூதியர்களுக்கு வருடக்கணக்கில் நிற்கும் அகவிலைப்படி நிலுவை ஆகியவை உண்மையான குறைகள். அவற்றைப் பேசித் தீர்க்க நல்ல காலத்தில் யாரும் நேரம் ஒதுக்காததுதான் நோய்.

வேலைநிறுத்தம் வரப்போவது எத்தனை நாள் முன்பே தெரியும்?

சட்டப்படி குறைந்தது 14 நாள். பழைய 1947 தொழில் தகராறு சட்டத்தில் இந்த 14 நாள் நோட்டீஸ் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும்தான் கட்டாயம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் அதை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் பொதுவாக்கியிருக்கிறது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் முடியும் வரை நிறுத்த முடியாது. கொடுத்த நோட்டீஸ் 60 நாளுக்குத்தான் செல்லும். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முதல் கூட்டத்தைக் கூட்டிவிட்டால் சமரசம் நடக்கும் காலத்திலும், முடிந்த பின் 7 நாளும் நிறுத்தக்கூடாது.

‘ஒட்டுமொத்த தற்செயல் விடுப்பு’ என்ற வழியும் இப்போது அடைபட்டுவிட்டது. ஒரே நாளில் பாதிப்பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே.

நோட்டீஸ் கொடுத்த செய்தி நாளிதழில் ஒரு பத்தியாக வந்துவிட்டுப் போகும். அதைப் பார்த்த அன்றே உங்கள் 14 நாள் தொடங்குகிறது. கடைசி நேரத்தில் வாபஸ் ஆகிவிடும் என்று காத்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அடிக்கடி வாபஸ் ஆவது உண்மைதான். பெருந்துறைமுகத் தொழிலாளர் சங்கங்கள் 2024 ஆகஸ்ட் 28 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று அறிவித்து, முந்தைய நாள் டெல்லியில் உடன்பாடு கண்டன. ஆனால் அதுபோன்ற நேரத்தில் எல்லோரும் கண்டெய்னரை முன்கூட்டியே வெளியே எடுக்கப் பார்ப்பதால், வேலைநிறுத்தம் நடக்காமலேயே வாசலில் டிரெய்லர் வரிசை நீளும்.

மின்வாரிய ஊழியர்கள் நிறுத்தினால் கரண்ட் உடனே போய்விடுமா?

போகாது. மின் நிலையங்களும் துணைமின் நிலையங்களும் குறைந்த ஆட்களோடு ஓடிக்கொண்டிருக்கும். நின்றுபோவது பழுதுபார்ப்பு. சாதாரண நாளில் ஃபியூஸ் போனால் ஒரு மணி நேரத்தில் ஆள் வருவார். வேலைநிறுத்த நாளில் அதே பழுது ஒரு நாள் முழுக்க நீளும். கம்பத்திலும் டிரான்ஸ்பார்மரிலும் கை வைக்க வெளியாருக்கு உரிமை இல்லை. உங்கள் மீட்டருக்கு இந்தப்பக்கம் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் எதையும் சரிசெய்யலாம், அந்தப்பக்கம் ஒரு திருகைக்கூடத் தொடக்கூடாது. ஏகபோகம் என்பது நடைமுறையில் அந்த மீட்டர் பலகையில்தான் தெரியும்.

ஆகவே வேலைநிறுத்தத்துக்கு முந்தைய வாரத்தில் உங்கள் பக்கத்துக் கோளாறுகளைத் தீர்த்துவிடுங்கள். சூடேறும் முனைகள், தளர்ந்த நியூட்ரல், அடிக்கடி விழும் பிரேக்கர் எல்லாவற்றையும் முழுச்சுமையில் ஓடும்போது பார்க்கவும். உங்கள் கோளாறு தெரு ஃபியூஸைக் கொண்டுபோனால் காத்திருக்கப் போவது நீங்கள்தான். பழுது ஏற்பட்டால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987இல் பதிந்து, புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். பின்னால் வாடிக்கையாளருக்கோ காப்பீட்டுக்கோ காட்ட அதுதான் ஆதாரம்.

எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் வைத்தால் போதும்?

மொத்தச் சுமையைக் கூட்டி வாங்குவது பொதுவான தவறு. கணக்கை முடிவு செய்வது உங்களிடம் இருக்கும் மிகப்பெரிய மோட்டாரின் தொடக்க மின்னோட்டம்.

62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டரின் முழுச்சுமை மின்னோட்டம் 415 வோல்ட்டில் சுமார் 87 ஆம்பியர். 10 எச்.பி. மோட்டார் ஓடும்போது எடுப்பது 14 ஆம்பியர் அளவுதான். ஆனால் நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் விநாடிகளில் அது 6 மடங்கு, அதாவது 84 ஆம்பியர் வரை இழுக்கும். ஏற்கெனவே பாதிச் சுமையில் இருக்கும் ஜெனரேட்டரில் இதைப் போட்டால் மின்னழுத்தம் சரிந்து, மற்ற எந்திரங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் தானியங்கி சுவிட்சுகளான கான்டாக்டர்கள் கழன்றுகொள்ளும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் இழுவை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். எப்படியானாலும் பெரிய மோட்டாரை முதலில் கிளப்புங்கள், சிறியவை பிறகு.

டீசல்: அதே ஜெனரேட்டரை 75 சதவீதச் சுமையில் ஓட்டினால் மணிக்கு சுமார் 37 யூனிட் கிடைக்கும், 10 முதல் 11 லிட்டர் குடிக்கும். 8 மணி நேர ஷிப்டுக்கு 90 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசலை மொத்தம் 2,500 லிட்டருக்கு மேல் போகாமலும், எந்த ஒரு கலனிலும் 1,000 லிட்டருக்கு மேல் இல்லாமலும் வைத்தால் பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் வேண்டாம். அளவுக்கு மீறிப் பெரிய ஜெனரேட்டர் வாங்கி 30 சதவீதத்துக்கும் கீழே நாள்கணக்கில் ஓட்டுவதும் கேடு. எரியாத டீசல் புகைக்குழாயில் எண்ணெய்ப் பிசுக்காகப் படிந்து எஞ்சினைக் கெடுக்கும்.

தெரு மின்சாரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே மாற்றும் நான்கு முனை சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை ஒருபோதும் இணைக்காதீர்கள். மூன்று முனை போட்டு நியூட்ரலைப் பொதுவாக விட்டாலோ, சுவிட்சே இல்லாமல் பிளக்கில் சொருகினாலோ உங்கள் மின்சாரம் தெருக்கம்பிக்குத் திரும்பிப் போகும் வழி திறந்துவிடும். வேலைநிறுத்த நாளில் கம்பத்தில் ஏறியிருப்பவர் அந்தப் பகுதிக்குப் புதியவராக இருக்கலாம். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி அவர் கை வைப்பார்.

உயர் அழுத்த இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சுமை: மீட்டரில் பதிவான மின்தேவை குறைந்திருந்தாலும், மின்வாரியத்துடன் ஒப்பந்தம் செய்த தேவையின் 90 சதவீதத்துக்குத் தேவைக் கட்டணம் வரும். ஜெனரேட்டர் ஓட்டிய நாளுக்கும் சேர்த்துத்தான்.

வேறு யாரிடமாவது மின்சாரம் வாங்க முடியாதா?

1 மெகாவாட்டுக்கு மேல் தேவை உள்ளவர்கள் திறந்த அணுகல் முறையில் வாங்கலாம். 2022ஆம் ஆண்டு பசுமை மின்சார விதிகளின்படி காற்று, சூரிய மின்சாரத்துக்கு அந்த வரம்பு 100 கிலோவாட். விலை குறையலாம், ஆனால் வேலைநிறுத்தத்துக்கு இது மருந்தாகாது. யாரிடம் வாங்கினாலும் மின்சாரம் வருவது அதே கம்பி வழியாகத்தான். கூரைச் சூரியத் தகடும் பேட்டரி இல்லாவிட்டால் தெருவில் மின்சாரம் போன நொடியே தானாக நின்றுவிடும், அப்படித்தான் அதை அமைக்க வேண்டும்.

பேருந்து ஓடாத நாளில் ஆட்களை எப்படி வரவைப்பது?

யார் எந்தப் பகுதியிலிருந்து வருகிறார் என்ற பட்டியல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. புறநகர் ரயிலும் மெட்ரோவும் தனி நிர்வாகங்கள்; பேருந்து வேலைநிறுத்தத்தில் அவை ஓடும். நிலையத்திலிருந்து ஆலைவரை மட்டும் வேன் ஏற்பாடு செய்தால் போதும். முழு வழிக்கும் வேன் பிடிப்பது காசைக் கரைக்கும். ஷிப்ட் நேரத்தை ஒரு மணி தள்ளி வைத்தால் நெரிசலும் தப்பும். வர முடியாதவருக்குச் சம்பளம் பிடிப்பதா, விடுப்பில் கழிப்பதா என்பதை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். மாதக் கடைசியில் சொன்னால் அது உங்கள் ஆலையின் தகராறாக மாறும்.

துறைமுக வேலைநிறுத்தம் அறிவித்திருக்கிறார்கள். எங்கள் கண்டெய்னர் வழியில் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

இறக்குமதி என்றால் முதல் வேலை பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துறைக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிக்கை. கப்பல் வருவதற்கு 30 நாள் முன்பிருந்தே தாக்கல் செய்யலாம். வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் செய்திருக்க வேண்டும். தவறினால் முதல் 3 நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். துறைமுகத்தில் ஆள் இல்லை என்பதால் சுங்கத்துறையின் கடிகாரம் நிற்காது. தீர்வையைக் காலத்தில் கட்டாவிட்டால் 15 சதவீத வட்டியும் ஓடும்.

அடுத்து இரண்டு கட்டணங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். டெமரேஜ் என்பது துறைமுக முனையத்தில் சரக்கு தங்குவதற்கு. டிடென்ஷன் என்பது கப்பல் நிறுவனத்தின் பெட்டியை நீங்கள் வைத்திருப்பதற்கு. முனையம் டெமரேஜைத் தள்ளுபடி செய்தாலும் கப்பல் நிறுவனம் டிடென்ஷனைத் தானாகத் தள்ளாது. இரண்டுக்கும் தனித்தனியாக எழுதிக் கேட்க வேண்டும். முனையம் வெளியிடும் அறிவிப்பின் நகல், டிரெய்லர் வாசலில் நின்ற நேரத்தோடு புகைப்படம், முகவருக்கு அன்றன்று அனுப்பிய மின்னஞ்சல் மூன்றும் இருந்தால் தள்ளுபடி கேட்பதற்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கும். வேலைநிறுத்தம் முடிந்த பிறகு தொலைபேசியில் கேட்பவர்களுக்குப் பொதுவாக ஒன்றும் கிடைப்பதில்லை.

அவகாசம் இருந்தால் பெட்டியைத் துறைமுகத்துக்கு வெளியே உள்ள சரக்குப் பெட்டக நிலையத்துக்கு முன்கூட்டியே நகர்த்துங்கள். அங்கே வாடகை உண்டு, ஆனால் சரக்கு உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்.

ஏற்றுமதியில் கொஞ்சம் சுலபம். காட்டுப்பள்ளி தனியார் துறைமுகம்; உங்கள் கப்பல் நிறுவனத்தின் கப்பல் அங்கும் வருமானால், பெட்டி வாசலுக்குள் போவதற்கு முன்பே முன்பதிவை மாற்றச் சொல்லலாம். உள்ளே போய்விட்டால் திரும்ப எடுப்பது ஆவணம் ஆவணமாக நீளும் வேலை. எண்ணூர் காமராஜர் துறைமுகமும் அரசுடையதே. வேலைநிறுத்தம் அங்கும் பொருந்துமா என்று நோட்டீஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாரி வழியில் நின்றுவிட்டது. இ-வே பில் காலாவதியானால்?

இ-வே பில் என்பது சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணு ஆவணம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது அதன் செல்லுபடிக் கணக்கு. காலாவதியாவதற்கு 8 மணி நேரம் முன்போ, பின் 8 மணி நேரத்துக்குள்ளோ போர்ட்டலில் நீட்டிக்கலாம். காரணங்களில் ‘சட்டம் ஒழுங்கு’ என்பதும் உண்டு. நீட்டிக்க வேண்டியது சரக்கைக் கையில் வைத்திருக்கும் டிரான்ஸ்போர்ட்டர். அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். ஓட்டுநர் நடு இரவில் ஓ.டி.பி. கேட்டு அலையக்கூடாது.

சரக்கு தாமதமானதற்கு வாடிக்கையாளர் அபராதம் போடுகிறார். வேலைநிறுத்தம் என்று சொல்லித் தப்ப முடியாதா?

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் முடியும். எழுதாவிட்டால் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவுதான் மிச்சம். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதே இயலாமல் போயிருந்தால்தான் அது உதவும். கூடுதல் செலவு, சிரமம் போதாது. செலவு ஏறியது காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அடுத்த ஒப்பந்தத்தில் வெறுமனே ‘வேலைநிறுத்தம்’ என்று எழுதாதீர்கள். மின்பகிர்மானம், துறைமுகம், பொதுப்போக்குவரத்து ஆகியவற்றில் மூன்றாம் தரப்பினர் நடத்தும் வேலைநிறுத்தம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். எத்தனை நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். பிறகு அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். நல்ல ஷரத்து கையில் இருந்தும் 7 நாள் கெடுவில் கடிதம் அனுப்பாமல் தோற்பவர்கள் ஏராளம்.

காப்பீடு கொடுக்காதா?

தீ விபத்துக் காப்பீட்டில் கலவரம், வேலைநிறுத்தம், வேண்டுமென்றே செய்யும் சேதம் என்ற பகுதி இருக்கும். கண்ணாடி உடைந்தால், எந்திரம் சேதமானால் அது வரும். வேலை நின்றதால் வந்த நட்டம், தாமதத்தால் கெட்ட சரக்கு இரண்டும் வராது. சரக்குப் போக்குவரத்துக் காப்பீட்டிலும் இதே பிரிப்புதான். பாலிசியில் ‘வேலைநிறுத்தம்’ என்ற சொல்லைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

வேலைநிறுத்தத்தால் வந்த நட்டத்துக்குச் சங்கத்தின் மீது வழக்குப் போடலாமா?

வீண் செலவு. தொழில் தகராறையொட்டிய செயல்களுக்காகப் பதிவுபெற்ற சங்கத்தின் மீது உரிமையியல் வழக்குப் போடுவதை 1926 தொழிற்சங்கச் சட்டமே தடுத்தது. புதிய தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. சட்டவிரோத வேலைநிறுத்தமாக இருந்தாலும் தொழிலாளர்களிடம் நட்டஈடு வசூலிக்க முடியாது என்பது 1976ஆம் ஆண்டு ரோத்தாஸ் இண்டஸ்ட்ரீஸ் தீர்ப்பு. அடிதடி, உடைப்பு, அடைத்துவைப்புக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்கிறார்களே?

2003 ஜூலையில் தமிழக அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் பாய்ந்து, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். அதையொட்டிய டி.கே.ரங்கராஜன் வழக்கில் ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்றது. பிறகு பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். தீர்ப்புக்குப் பிறகும் வேலைநிறுத்தங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. சட்டத்தில் தடை இருக்கிறது என்பதை நம்பி ஒரு ஷிப்டைக்கூடத் திட்டமிட முடியாது.

எங்கள் ஆலையிலேயே சங்கம் ஆரம்பித்திருக்கிறார்கள். பதிவைத் தடுக்கலாமா?

தடுக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலும் தகராறின் தொடக்கம். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய ஊர் இது. சங்கம் சேர்வது இங்கே நூற்றாண்டு கடந்த வழக்கம். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் வேலைக்குப் போகவில்லை. ஊதியமும் கேட்டார்கள், ஆனால் முடிச்சு விழுந்த இடம் சங்கத்தை ஏற்பது. அந்தச் சங்கம் 2025 ஜனவரியில் பதிவாகிவிட்டது. 37 நாளை விலையாகக் கொடுத்த பிறகும் சங்கம் வந்தே தீர்ந்தது.

பதிவு வேறு, பேச்சுவார்த்தை உரிமை வேறு. புதிய சட்டப்படி 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவுள்ள சங்கமே தனியாகப் பேசும். எந்தச் சங்கத்துக்கும் அது இல்லாவிட்டால் தலா 20 சதவீதம் கணக்கில் பேச்சுவார்த்தைக் குழு அமையும். ஆதரவைச் சரிபார்க்கக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. வெளியிலிருந்து வரும் தலைவர் பிடிக்கவில்லை என்பது மறுக்கக் காரணமாகாது.

வேலைநிறுத்த நோட்டீஸ் கைக்கு வந்தால் தேதி போட்டுப் பெற்றுக்கொண்டு, 5 நாளுக்குள் அரசுக்கும் சமரச அலுவலருக்கும் தெரிவிக்க வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை, பிறகு வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று வாதாட வருவார்கள். சமரசக் கூட்டத்துக்கு முடிவெடுக்கும் அதிகாரமுள்ளவரை அனுப்புங்கள். ‘மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று மூன்று முறை சொன்னால் வாசலில் பந்தல் எழும்பிவிடும். சமரசம் நடக்கும்போது வேலை நேரம், படி, இடமாற்றம் எதையும் மாற்றாதீர்கள். சட்டப்படி நடக்கும் வேலைநிறுத்தத்தின்போது புதிதாக ஆள் எடுப்பது நேர்மையற்ற தொழில் நடைமுறைப் பட்டியலில் வருகிறது.

ஒப்பந்தம் போடும்போது சமரச அலுவலர் முன்னிலையில் போடுங்கள். பழைய 1947 சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்துப் பேச்சு வழக்கில் இன்னும் ‘12(3)’ என்றே சொல்கிறார்கள். அது உறுப்பினர் அல்லாதவரையும் நாளை சேருபவரையும் கட்டுப்படுத்தும். இருதரப்பாக மட்டும் போடும் ‘18(1)’ கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். இன்னொரு சங்கம் மறுவாரமே புதுக் கோரிக்கையோடு வரலாம்.

சம்பளப் பிடித்தம்: வேலை இல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை. 10 பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து, முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் நின்றால் 8 நாள் சம்பளம் வரை பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பணி நியமனக் கடிதத்தில் முன்னறிவிப்பு ஷரத்து இருந்தால் மட்டுமே. அதிருக்கிறதா என்று பார்க்காமல் பிடித்தால் திருப்பிக் கொடுக்க நேரும்.

வாசலை மறித்து, மேலாளரை வெளியே விடாமல் உட்கார்ந்துவிட்டால்?

கொல்கத்தாவில் 1967இல் ‘கெரோ’ எனப்படும் இந்த முற்றுகை அன்றாட நிகழ்ச்சியானது. தொழிலாளர் துறை அமைச்சரைக் கேட்காமல் கெரோக்களில் தலையிட வேண்டாம் என்று அன்றைய ஐக்கிய முன்னணி அரசு காவல்துறைக்குச் சுற்றறிக்கை விட்டது. ஜெய் இன்ஜினியரிங் வழக்கில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தொழில் தகராறு என்ற பெயர் இருப்பதால் ஒருவரை அடைத்துவைப்பது குற்றமில்லாமல் போகாது என்பதே அதன் சாரம். இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவு, வழிமறிப்பது 126.

கோஷம் போடுவதும் கொடி பிடிப்பதும் குற்றமல்ல. அதை நிறுத்தச் சொல்லிக் காவல் நிலையம் போனால் உண்மையான மறியலுக்குப் போகும்போது மதிப்பிருக்காது. உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்கும்போதும் வேலைநிறுத்தத்துக்குத் தடை கேட்காதீர்கள். வாசலிலிருந்து இத்தனை மீட்டருக்குள் கூடக்கூடாது, சரக்கு வண்டியையும் வேலைக்கு வருபவரையும் மறிக்கக்கூடாது என்று அளவோடு கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். வாசல் கேமராப் பதிவு, எந்த வண்டி எத்தனை மணிக்குத் திரும்பிப் போனது என்ற செக்யூரிட்டி பதிவேடு இரண்டும்தான் மனுவின் முதுகெலும்பு.

எங்கள் ஆளே லோடு இறக்குகிறார். பகுதிச் சங்கம் என்று சொல்லிச் சிலர் வந்து கூலி கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

வேலை செய்யாதவருக்குக் கூலி இல்லை. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் அவர்களுடைய வேலைநிலையையும் நலனையும் பற்றியது. ஒரு தெருவின் சுமையெல்லாம் ஒரு சங்கத்துக்குச் சொந்தம் என்று அது சொல்லவில்லை. மிரட்டிப் பணம் வாங்கினால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவின்படி பணம் பறித்தல், 7 ஆண்டு வரை சிறை.

அதே நேரத்தில், பல காலமாக அந்தச் சந்தையில் முதுகில் மூட்டை சுமந்து பிழைப்பவர்களை மாமூல் கேட்பவர்களோடு சேர்த்துப் பார்ப்பது அநியாயம். அவர்களிடம் வேலை கொடுப்பதாக இருந்தால் விகிதத்தை எழுதிப் போடுங்கள்: 50 கிலோ மூட்டைக்கு இவ்வளவு, 25 கிலோவுக்கு இவ்வளவு, மாடி ஏற்றினால் கூடுதல், வண்டி தாமதமாகி ஆட்கள் காத்திருந்தால் மணிக்கு இவ்வளவு. சண்டைகளில் பெரும்பகுதி கடைசி இரண்டும் எழுதப்படாததால் வருபவை. பணத்தைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நேரடியாக வேலை செய்தவரிடம் கொடுங்கள்.

மிரட்டல் என்றால் புகாரை எழுத்தில் கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். நிலையத்தில் பதியாவிட்டால் சென்னையில் துணை ஆணையருக்குப் பதிவஞ்சல், அதற்கும் அசைவில்லை என்றால் நடுவர் நீதிமன்றம். ஒரு முறை கொடுத்துவிட்டுப் புகார் செய்தால் ‘பழக்கமாகக் கொடுப்பதுதானே’ என்ற பதில் வரும். முதல் வண்டியிலேயே நில்லுங்கள்.

கேரளாவுக்குச் சரக்கு அனுப்புகிறோம். அங்கேயும் இதே விதிதானா?

இல்லை. அங்கே 1978ஆம் ஆண்டுச் சுமைத்தொழிலாளர் சட்டம் இருக்கிறது. அதன் திட்டம் நடைமுறையில் உள்ள பகுதிகளில் பதிவுபெற்ற தொழிலாளர்களுக்கே வேலை உரிமை உண்டு. ஓட்டுநரும் கிளீனரும் இறக்கிக்கொள்ளலாம் என்று அனுப்பினால் வண்டி நிற்கும். சரக்கு வாங்குபவரிடம் அந்தப் பகுதி திட்டத்துக்குள் வருகிறதா, அவரிடம் பதிவுபெற்ற சொந்த ஆட்கள் இருக்கிறார்களா என்று வண்டி கிளம்பும் முன்பே கேளுங்கள். இறக்குக் கூலி யார் தலையில் என்பதை இன்வாய்ஸிலேயே எழுதுங்கள். சும்மா நின்று பார்ப்பதற்குக் கேட்கும் நோக்குக்கூலியை 2018 மே 1 முதல் அந்த மாநில அரசே தடை செய்துவிட்டது. கேட்டால் உதவித் தொழிலாளர் அலுவலரிடம் புகார் செய்யலாம். கொடுத்த கூலிக்கு ரசீது கேளுங்கள். ரசீது தர மறுப்பவர் கேட்பது கூலி அல்ல.

பந்த் அறிவித்தால் கடையை அடைத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. கட்டாயப்படுத்தும் பந்த் சட்டவிரோதம் என்று 1997இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு உறுதி செய்தது. திறப்பதா என்பதைத் தெருவில் உள்ள கடைக்காரர்கள் சேர்ந்து முடிவெடுத்து, முந்தைய நாள் காவல் நிலையத்தில் எழுத்தில் பாதுகாப்புக் கேளுங்கள். ஷட்டரைப் பாதி இறக்கி வைப்பது பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். கல் விழுந்தால் அவசரத்தில் இறக்கவும் முடியாது, உள்ளே இருப்பவர் குனியாமல் வெளியே வரவும் முடியாது. முழுக்கத் திறங்கள், அல்லது முழுக்க அடைத்துவிட்டுப் பின்வாசலில் டெலிவரி மட்டும் பாருங்கள்.